ஞாயிற்றுக்கிழமை மூச்சு எப்படி இருக்கிறது?

மண்ணால் மனிதனை உருவாக்கிய இறைவன் அவன் நாசியில் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்க நூல் நமக்குச் சொல்கிறது. மண் உடலாயிற்று; மூச்சு உயிராயிற்று. அந்த மண்ணே தூசியாகித் திரும்பவும் நாசிக்குள் புகுந்து, ஆண்டவர் அருளிய மூச்சை நெரிப்பதைப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் வாழும் நாங்கள் அன்றாடம் காண்கிறோம்.

இழுப்பு, இரைப்பு, ஈளை, ஆஸ்துமா எனப் பல பெயர்களால் நம் மக்கள் இந்த நோயை அழைக்கிறார்கள். பெயர் பல இருப்பது போலவே காரணமும் பல சொல்கிறார்கள். தயிர் சாப்பிட்டதால் வந்தது என்பார் ஒருவர். மார்கழிப் பனியில் விடியற்காலைப் பூசைக்குப் போனதால் வந்தது என்பார் மற்றொருவர். பரம்பரை நோய், தாத்தாவுக்கும் இருந்தது என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். பரம்பரைக்கும் பனிக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், வாய்வழியாக உண்பதை எல்லாம் இத்தனை கவனமாக ஆராயும் நம் குடும்பங்களில், எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் மூக்கின் வழியாக உட்செல்வது எது என்ற கேள்வி மட்டும் அரிதாகவே எழுகிறது.

எங்கள் வட்டாரத்துப் பிழைப்பே தூசியோடு பிணைந்த பிழைப்பு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பகுதி கடலடியில் கிடந்தது. அக்கடலின் சிப்பிகளும் நத்தைகளும் இன்றும் கல்லாகக் கிடைக்கின்றன. அந்தப் பழங்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்தான் இப்போது நமக்குச் சோறு போடுகிறது. அருகிலுள்ள டால்மியாபுரத்தில் 1939ஆம் ஆண்டில் சிமெண்டுத் தொழில் தொடங்கியது. அரியலூரில் அரசின் சிமெண்டு ஆலை 1979ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. பின்னர்த் தனியார் ஆலைகளும் பல எழுந்தன. சுரங்கத்தில் வெடி வைப்பது, கல்லை உடைப்பது, அரைப்பது, சூளையில் ஏறத்தாழ 1450 டிகிரி வெப்பத்தில் சுடுவது, மீண்டும் அரைப்பது, மூட்டை பிடிப்பது, லாரியில் ஏற்றுவது என ஒவ்வொரு படியிலும் தூசி எழ இடமுண்டு.

பெரம்பலூர்ப் பக்கம் போனால் தூசியின் நிறம் மாறுகிறது. கருங்கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் ஒருபுறம். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் மறுபுறம். மக்காச்சோளம் அடிக்கும் எந்திரத்தருகே நிற்பவர் புகைமூட்டத்தில் நிற்பவர் போல் தோன்றுவார். வெங்காயப் பட்டறையைப் பிரித்துச் சலிக்கும் பெண்களின் தலையிலும் தோளிலும் சருகு படிந்திருக்கும். பருத்தி எடுத்து, அரைத்து, பொதி கட்டும் இடங்களில் பஞ்சு காற்றில் மிதக்கும். கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்புகள்; முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை கண்ணையும் தொண்டையையும் கரிப்பது அவ்வூர்க்காரர்களுக்குத் தெரியும்.

எங்கள் மூத்த அக்காவின் கணவர் பதினான்கு ஆண்டுகள் சிமெண்டு மூட்டை ஏற்றும் வேலை செய்தவர். ஒப்பந்தத் தொழிலாளி. மூட்டைக் கணக்கில் கூலி. நாற்பது வயதுக்குப் பின் அவருக்கு இருமல் தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் குனிந்து உட்காருவார். நெஞ்சில் விசில் ஊதுவது போல் ஓசை கேட்கும். மருந்துக்கடையில் மாத்திரை, நாட்டு வைத்தியரிடம் சூரணம், கோவிலில் நேர்ச்சை எனக் காலம் போயிற்று. இறுதியில் அரசு மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். குழல் ஒன்றில் ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தை அளந்த பின், அவர் கேட்ட கேள்வி எங்களை வியப்பில் ஆழ்த்தியது.

“ஐயா, ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்கு மூச்சு எப்படி இருக்கிறது?”

அத்தான் சற்று யோசித்து, “ஞாயிற்றுக்கிழமை தேவலை அம்மா. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் லீவு போட்டபோது இரைப்பே இல்லை. திரும்ப வேலைக்குப் போன அன்று ராத்திரியே வந்துவிட்டது” என்றார். அந்த ஒரு பதிலில் மருத்துவருக்குப் பாதி விளங்கிவிட்டது.

இக்கேள்வி புதியதன்று. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்தினோ ரமத்சீனி 1700ஆம் ஆண்டிலேயே தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று பண்டைய மருத்துவர் வகுத்த கேள்விகளோடு, ‘நீர் என்ன தொழில் செய்கிறீர்?’ என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். தானியம் சலிப்போரும் அளப்போரும் தூசியால் மூச்சு முட்டித் துன்புறுவதை அவர் அந்நூலில் எழுதியிருக்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்தத் தானியக் களஞ்சியத்துக்கும் இன்றைய மக்காச்சோளக் களத்துக்கும் தொலைவு அதிகமில்லை.

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழல்களின் நோய். குழலின் உட்சுவர் வீங்குகிறது. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சளி சுரந்து வழியை மேலும் குறுக்குகிறது. தொழிலிடம் இந்நோய்க்கு இரண்டு வகையில் காரணமாகலாம். ஒன்று, நோயே இல்லாதவருக்கு அதைப் புதிதாக உண்டாக்குவது. மாவு மில்லின் மாவு, தச்சுப்பட்டறையின் மரத்தூள், வாகனங்களுக்குத் தெளிக்கும் சிலவகைப் பெயிண்டுகளில் உள்ள வேதிப்பொருள் போன்றவை, மாதக்கணக்கில் அல்லது ஆண்டுக்கணக்கில் உள்ளே போன பின், உடலை ஒவ்வாமைக்குப் பழக்கிவிடுகின்றன. அதன் பிறகு சிறிதளவு பட்டாலும் இரைப்பு வரும். ‘பத்து வருடமாகச் செய்கிற வேலைதானே, இப்போதா ஒத்துக்கொள்ளாமல் போகும்?’ என்ற வாதம் அதனால் செல்லாது. மற்றொன்று, ஏற்கனவே உள்ள ஆஸ்துமாவைக் கிளறிவிடுவது. காரத்தன்மை மிகுந்த சிமெண்டுத் தூசி, கல்தூசி, புகை, துப்புரவுக்குத் தூவும் பிளீச்சிங் பவுடரின் நெடி ஆகியவை இதைச் செய்ய வல்லவை.

பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்குத் தொழிலிடமே காரணம் என்று அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் இணைந்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கணித்தது. அதாவது, ஆறு பேரில் ஒருவர்.

பஞ்சுத் தூசிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களின் நச்சுப் பொருள் நுரையீரலைத் தாக்குகிறது. வார விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியவுடன் நெஞ்சு இறுகும். வாரம் செல்லச் செல்ல ஓரளவு தணியும். ‘பிசினோசிஸ்’ என்று இதற்குப் பெயர். கருங்கல் தூசி விளைவிக்கும் ‘சிலிக்கோசிஸ்’ வேறு வகையானது. அது குழலைச் சுருக்குவதோடு நில்லாமல் நுரையீரலையே தழும்பாக்கிவிடுகிறது. காசநோய்க்கும் வழி திறக்கிறது. கிரஷரில் வேலை செய்பவர் எல்லா இரைப்பையும் ஆஸ்துமா என்று எண்ணிக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடலாகாது. இவ்விரு நோய்களையும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது.

அன்று மருத்துவமனையில் நடந்தது இத்துடன் முடியவில்லை. அத்தானுக்குத் துணையாக வந்த அக்கா, கதவோரம் நின்றபடியே, “எனக்குத்தான் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை அதிகம்” என்றார். மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டார். “நான் வேலைக்கெல்லாம் போகவில்லை. வீட்டில்தான் இருக்கிறேன்” என்றார் அக்கா.

வீட்டில்தான் இருக்கிறேன்! இந்தச் சொல்லை நம் தாய்மார் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! விடியுமுன் எழுந்து, வெந்நீருக்கு அடுப்பு மூட்டி, பருத்திமாரும் வேலிக்கருவேல் விறகும் மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையும் செருகி, ஊதாங்குழலால் ஊதி, புகையைத் தாமே விழுங்கிச் சமைப்பவர் வேலை செய்யாதவராம். கணவருக்கு ஞாயிறு ஓய்வு நாள். மனைவிக்கோ அன்றுதான் கறிக்குழம்பு, அன்றுதான் விருந்தினர், அன்றுதான் அடுப்பு நண்பகல் வரை அணையாது. ஆலையின் தூசிக்கு வாரத்தில் ஒரு நாளாவது விடுமுறை உண்டு. அடுப்படியின் புகைக்கு அதுவும் இல்லை.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவரோடு பணியாற்றியவர்களும் தமிழகக் கிராமத்து வீடுகளில் புகையை அளந்து, 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகும் வறட்டியும் எரிப்பவர்கள், எரிவாயுவில் சமைப்பவர்களைக் காட்டிலும் மிகுதியான நுண்துகளைச் சுவாசிக்கிறார்கள் என்பது அதில் தெளிவாயிற்று. வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவ்விறப்புகள் யாவும் ஆஸ்துமாவால் நேர்ந்தவை அல்ல. இதயநோய், நிமோனியா, பக்கவாதம் ஆகியவையும் இதில் அடங்கும். ஆயினும், எல்லாம் நுழைந்த வழி மூச்சுதான்.

எரிவாயு இணைப்பு இப்போது பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. ஆனால் சிலிண்டர் விலைக்கு அஞ்சி, காபிக்கும் குழம்புக்கும் கேஸ், வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகு என்று பிரித்துக்கொண்ட வீடுகளே எங்கள் பக்கம் மிகுதி. இரவானால் கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருள் ஏற்றுகிறார்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்று 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பீடி ஒன்றைக்கூடத் தொடாத பாட்டியும் பேரக்குழந்தையும் அந்த அறையில்தான் உறங்குகிறார்கள். வேலைக்களத்திலிருந்து வருபவரின் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டியுள்ள தூசியும் அவரோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. தொழிலிடத்தின் காற்று வேறு, வீட்டின் காற்று வேறு என்று நாம் பிரித்துப் பேசினாலும், நுரையீரல் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இனி, இதில் உள்ள மெய்யான சங்கடத்தைச் சொல்ல வேண்டும். ‘தூசி ஆகாது, வேலையை விட்டுவிடு’ என்று சொல்வது எளிது. அத்தானின் கூலியை நம்பி ஐந்து உயிர்கள் இருந்தன. மூத்த மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மூச்சிரைப்பு இருப்பது தெரிந்தால் ஒப்பந்தக்காரர் மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற அச்சத்தால், அவர் இன்ஹேலரைச் சோற்றுத் தூக்கின் பையில் ஒளித்து எடுத்துச் சென்றார். லாரிக்குப் பின்னால் மறைந்து நின்று உறிஞ்சிக்கொண்டார். தமக்கு உயிர் தரும் மருந்தை ஒரு மனிதன் திருட்டுப்பொருள் போல் மறைக்க நேர்வது எத்தகைய அவலம்!

உழைப்பாளரின் கூலியும் உடல்நலமும் முதலாளியின் தயவைச் சார்ந்தவை அல்ல, நீதியைச் சார்ந்தவை என்பதைத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே தம் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். உழைப்பு மனிதனுக்காகவே, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்பதைத் திருத்தந்தை 2ஆம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டில் விளக்கினார். சமையலுக்கு எரிக்கும் புகையால் ஏழைகள் நோயுறுவதை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் படைப்பைப் பற்றி வரைந்த சுற்றுமடலில் குறிப்பிட்டிருக்கிறார். உலகத் திருச்சபையின் தலைவர் நம் வீட்டு அடுப்படிப் புகையையும் நினைத்தார் என்பது நமக்கு ஆறுதல் மட்டுமல்ல, பொறுப்பும் ஆகும்.

ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்தோடு வீரமாமுனிவரின் பெயர் பிரியாமல் இணைந்திருப்பதை எங்கள் வட்டாரத்தில் அறியாதார் இல்லை. அவர் தம் பெருங்காப்பியமான தேம்பாவணியின் தலைவராகத் தேர்ந்துகொண்டது அரசரையோ வீரரையோ அல்ல. மரத்தூளில் உழைத்த சூசையப்பரை. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955ஆம் ஆண்டில் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். தச்சரின் பட்டறையில் வளர்ந்தவர் நம் மீட்பர். தொழிலாளியின் மூச்சு அவருக்கு அந்நியமானதாக இருக்க முடியுமா?

ஆகவே, நம் குடும்பங்களும் பங்குகளும் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, கவனித்து எழுதுவது. இருமலும் இரைப்பும் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த வேலைக்குப் பின் வருகின்றன என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஊதி அளக்கும் சிறு கருவி ஒன்று மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. மருத்துவரின் அறிவுரைப்படி, வேலை நாளிலும் விடுமுறையிலும் நாளொன்றுக்கு நான்கு முறை வீதம் சில வாரங்கள் ஊதிக் குறித்தால், உண்மை தாளில் கோடாகத் தெரியும். நோய் முற்றினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு போதாமல் போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அப்போது நீண்ட விடுமுறையில்தான் மாற்றம் தெரியும்.

இரண்டாவது, மருந்துக்கு வெட்கப்படாதிருப்பது. இன்ஹேலர் ‘கடைசி மருந்து’ என்பதும், பழகினால் விடமுடியாது என்பதும் வீண் அச்சங்கள். மருந்தைச் சிறிதளவில் நேரே நுரையீரலுக்கு அனுப்பும் வழி அது. உடனே மூச்சைத் திறப்பது ஒருவகை. நாள்தோறும் எடுத்து வீக்கத்தைத் தணிப்பது மற்றொருவகை. இரைப்பு நின்றவுடன் இரண்டாவதைத் தாமே நிறுத்திவிடுவதால் துன்பம் திரும்பி வருகிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதன் மருத்துவமனையில் தம் தொழிலைச் சொல்லிப் பதிவு செய்துகொள்வது பின்னாளில் உரிமை கோரவும் உதவும்.

மூன்றாவது, தூசியைப் பிறந்த இடத்திலேயே அடக்குவது. கிரஷரிலும் சாலையிலும் தண்ணீர் தெளிப்பது, எந்திரத்தை மூடி அமைப்பது, லாரியைத் தார்ப்பாயால் மூடுவது ஆகியவை முதலாளியின் கடமைகள். முகத்தில் சுற்றும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்-95 போன்ற முகமூடி வேண்டும்; அதுவும் மற்ற ஏற்பாடுகளுக்குத் துணையே அன்றி மாற்று அன்று. பருத்திக்கு மருந்து தெளிப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2017ஆம் ஆண்டில் பெரம்பலூர்ப் பகுதியில் பருத்திக்கு மருந்தடித்தோர் சிலர் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது.

நான்காவது, வீட்டின் காற்றைச் சுத்தமாக்குவது. விறகடுப்பைத் திறந்த தாழ்வாரத்துக்கு மாற்றலாம். அல்லது புகைபோக்கி வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைச் சமையலையாவது எரிவாயுவில் செய்யலாம். கொசுவர்த்திக்குப் பதில் வலை கட்டலாம். வேலை உடையைப் புறக்கடையிலேயே களைந்து, குளித்த பின் வீட்டுக்குள் வரலாம். பெருக்குமுன் சற்று நீர் தெளிக்கலாம்.

ஐந்தாவது, சேர்ந்து பேசுவது. தனி ஒருவர் ‘எனக்கு இரைக்கிறது’ என்றால் அவர் வேலை போகலாம். முப்பது பேர் சேர்ந்து ‘எங்களுக்குத் தூசி அடக்கும் ஏற்பாடு வேண்டும்’ என்றால் அது கோரிக்கை ஆகிறது. தொழிற்சங்கம் உள்ள இடத்தில் சங்கம் வழியாகவும், இல்லாத இடத்தில் பங்குப் பேரவையின் துணையோடும் இதைச் செய்யலாம்.

அத்தானின் விஷயத்தில் அவ்வாறே நடந்தது. உடன் வேலை செய்தவர்கள் சேர்ந்து பேசியதால், மூட்டை ஏற்றுவதிலிருந்து எடைமேடைப் பணிக்கு அவர் மாற்றப்பட்டார். கூலி குறைந்தது. மகளின் படிப்புக்காக அக்காவின் தோடு அடகுக்குப் போயிற்று. மகள் வேலைக்குச் சேர்ந்த பிறகே அது மீண்டு வந்தது. அவருக்கு நோய் முற்றும் நீங்கவில்லை, மருந்து தொடர்கிறது. ஆனால் இரவில் திண்ணையில் குனிந்து உட்காருவது நின்றுவிட்டது. அக்காவின் அடுப்பு தாழ்வாரத்துக்கு இடம் மாறியது. அவரும் தமக்கென ஓர் இன்ஹேலர் வைத்திருக்கிறார்; அது சமையலறை அலமாரியில் எல்லாரும் காணும்படி இருக்கிறது.

அன்பர்களே, திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்று நாம் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கிறோம். பிள்ளைகளின் படிப்பைக் கேட்கிறோம். மழையைப் பற்றிக் கேட்கிறோம். இனி அதனோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: “இன்று உங்களுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? நேற்று எப்படி இருந்தது?” இதை ஆண்களிடம் மட்டுமன்று, “நான் வீட்டில்தான் இருக்கிறேன்” என்று சொல்லும் தாய்மாரிடமும் கேட்போம். பதிலைப் பொறுமையோடு கேட்டு, தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு உடன் செல்வோம். பிறர் அன்புப் பணிகளுள் இதுவும் ஒன்று, செலவில்லாத ஒன்று.